சாவடிக்கு ஒரு மிடறு

திருகோணமலையில் ஏறிய நாங்கள் சாம்பல்தீவு இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நிற்கிறோம். எதிர்த்திசையிலிருந்து ஒருவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வருகிறார். பெனியனில் 'சுத்தமான குடிநீர்' என்று எழுதியிருக்கிறது. கையில் ஒரு போத்தல். இறக்கக்கண்டியிலிருந்து விழிப்புணர்வு ஓட்டத்தில் ஆளுக்கு ஆள் கைமாறி வருகிற கொதித்தாறிய தண்ணீர். டவுனில், ஓர்ஸ் ஹில் மேடையில் ஒரு பெரிய அதிகாரி அதைக் குடித்துக் காட்ட வேண்டுமாம்.

போத்தலோடு வருகிறவரை ஆமி சும்மா விடுமா? உள்ளே இருப்பது தண்ணீர்தான் என்று நிரூபிக்க, சாவடிக்குச் சாவடி ஒரு மிடறு குடித்துக் காட்டியிருக்கிறார்கள். இங்கே கடைசி மிடறும் போய்விடுகிறது.

வெறும் போத்தலோடு மேடைக்குப் போக முடியுமா? வீதியோரக் கிணற்றில் தண்ணீர் அள்ளும் பெண்ணிடம் ஓடுகிறார்.

"ஐயோ தம்பி, உது குடிக்க ஏலாது. குடிச்சு எங்கட வீட்டில எல்லாருக்கும் வயித்தால போகுது. ஆருக்கு இது?"

"மேடையில பெரிய ஐயா குடிக்கிறதுக்கு, அக்கா."

"நல்ல தண்ணி கேட்டு நாங்கள் மனுக் குடுத்தமே, அந்த ஐயாவோ?"

"ஓம்."

அந்தப் பெண் வாளியைச் சரித்துப் போத்தலைக் கழுத்து வரை நிரப்பிக் கொடுக்கிறார். "கொண்டு போங்கோ. மனுவை வாசிச்சு விளங்காதவருக்கு இதைக் குடிச்சா விளங்கும்."

ஓட்டக்காரர் சிரித்தபடி நாலு அடி ஓடுகிறார். சட்டென்று நின்று என்னிடம் திரும்புகிறார்.

"அண்ணை, டவுனுக்குப் போறதுக்கிடையில இன்னும் எத்தினை சென்றிச் சாவடி?"

நான் மூன்று விரலைக் காட்டுகிறேன்.