அத்தையின் இடது கை

அத்தைக்குக் கல்யாணம் கூடிவரப்போகிறது என்று தெரிந்த அன்று எங்கள் வீட்டில் நடந்த முதல் காரியம், அவளுடைய சர்க்கரை மாத்திரைகள் யார் கண்ணிலும் படாத இடத்துக்குப் போனதுதான்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. மைசூரில், மண்டி மொஹல்லாவில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே குடியிருந்தோம். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. முப்பத்தாறு வயது. பக்கத்துத் தெருவில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் புருவம் திருத்தினால் வலியே தெரியாது என்று, வேறு ஆள் சும்மா இருந்தாலும் பெண்கள் அவளுக்காகக் காத்திருப்பார்கள்.

சர்க்கரை என்று கேள்விப்பட்டதும் நழுவிப்போன வரன்கள் இரண்டு. அதனால் அடுத்து வந்த கொள்ளேகால்காரரிடம் அப்பா அதைச் சொல்லவில்லை. அவர் மனைவியை இழந்தவர், குழந்தை கிடையாது, பட்டு நூல் வியாபாரம். அவருடைய அக்கா எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தாள். நினைத்த நேரத்தில் படியேறி வருவாள், நேராகச் சமையலறைக்குள் நுழைவாள்.

"நிச்சயம் முடியட்டும். ஒரு மாசம் மாத்திரை போடலைன்னா ஒண்ணும் ஆயிடாது," என்றார் அப்பா.

எதற்கும் எதிர்த்துப் பேசுகிற அத்தை அன்று பேசாமல் தலையாட்டினாள். அவளுக்கும் அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது.

அந்த மாதம் முழுக்க இனிப்புதான். வந்தவர்கள் எல்லாம் மைசூர்பாகு, பேடா என்று அவள் வாயில் ஊட்டினார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே என்று தின்றாள். பிறகு உள்ளே போய்ச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். உடம்பு இளைத்தது. ரவிக்கையெல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கிறது, கல்யாணக் களை வந்துவிட்டது என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். மாப்பிள்ளையின் அக்காவுக்கும் திருப்தி. வீடே அவள் இளைத்ததைக் கொண்டாடியது.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் அத்தை பார்லரிலிருந்து பாதியில் வந்துவிட்டாள். இடது கையில் நூல் நிற்கமாட்டேன் என்கிறது என்றாள். காபியை வாங்கும்போது தம்ளர் கையிலிருந்து துள்ளி விழுந்தது. கல்யாணப் பெண்ணுக்குப் பதற்றம் இருக்காதா என்று அம்மா தரையைத் துடைத்தாள்.

மறுநாள் ஹாலில் மணையில் அத்தையை உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா புடவையும் பழமும் வைத்த தாம்பாளத்தை நீட்டினார். அத்தையின் இடது கை தானாக மேலே எழுந்து, யாரையோ விரட்டுவதுபோல் வீசியது. தாம்பாளம் கவிழ்ந்து தேங்காய் உருண்டது. அவள் வலது கையால் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்து அழுத்தினாள். அது உதறிக்கொண்டு மறுபடி எழுந்தது. கொஞ்ச நேரத்தில் இடது காலும் புடவைக்குள் உதைக்க ஆரம்பித்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்து இழுத்து விட்டது.

"நான் பண்ணலை. அதுவா போகுது," என்றாள் அத்தை, மெதுவாக.

அவளுக்கு நினைவு தப்பவில்லை. சுற்றியிருந்த ஒவ்வொருவர் முகத்தையும் அவளால் பார்க்க முடிந்தது.

வலிப்பு என்று ஒருவர் இரும்புச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். சாவி பறந்து போய்ச் சுவரில் மோதியது. மாப்பிள்ளை ஒருவர்தான் எழுந்து வந்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் விடவில்லை. அம்மா மடியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு போனேன். அப்பா ஸ்கூட்டரில் பின்னால் வந்தார்.

"ஷுகர் இதெயா?" என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார்.

அப்பா மாப்பிள்ளையை ஒரு தரம் பார்த்துவிட்டு, இல்லை என்றார். டாக்டர் திரும்பவும் கேட்டார். அப்பா திரும்பவும் இல்லை என்றார். நர்ஸ் அத்தையின் விரலில் குத்தி ரத்தம் எடுத்துச் சின்னக் கருவியில் வைத்தாள். அதில் எண்ணே வரவில்லை. அது அளக்கக்கூடிய எல்லையைச் சர்க்கரை தாண்டியிருந்தது.

"ஆறு வருஷமா இருக்கு. ஒரு மாசமா மாத்திரை போடலை," என்றாள் அத்தை. டாக்டரைப் பார்த்துச் சொல்லவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்.

சர்க்கரை மிதமிஞ்சிப் போனால் அபூர்வமாகச் சிலருக்கு மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் இடம் பாதிக்கப்படும், சர்க்கரையை இறக்கினால் கை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும் என்று டாக்டர் விளக்கினார். மாப்பிள்ளை முழுவதும் கேட்டார். பிறகு அத்தையின் கையைக் கட்டில்மேல் வைத்தார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க," என்றார் அப்பாவிடம்.

கை அடங்கச் சில வாரங்கள் ஆயின. அத்தை தூங்கும்போது மட்டும் அது ஆடாது. விழித்தால் கட்டில் கம்பியில் போய் அடித்துக்கொள்ளும். அம்மா கம்பியில் பழைய துணிகளைச் சுற்றிவைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அத்தை பார்லருக்குப் போனாள். நன்றாக ஓய்வு எடுத்துக்கொள் என்று முதலாளியம்மா அனுப்பிவிட்டாள். அவளுடைய நாற்காலியருகே வேறொரு பெண் நூலோடு நின்றிருந்தாளாம். கண்ணுக்குப் பக்கத்தில் அந்தக் கையை யார் நம்புவார்கள் என்று அம்மாவே அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தனியாக வந்தார். பை நிறையப் பழம். அப்பா எழுந்து நின்று கைகூப்பினார். கூப்பிடுவதற்கு முன்பே அத்தை அறையிலிருந்து வந்து, அவர் எதிரே இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"பாருங்க. இப்ப ஆடலை."

அவர் வெகுநேரம் அந்தக் கைகளைப் பார்த்தார். அவை அசையவே இல்லை.

"மாத்திரையை விட்டுடாதீங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தார். படியிறங்கும்போது அப்பாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். பொய் சொன்ன வீட்டில் பெண் எடுக்க அவருடைய அம்மா சம்மதிக்கவில்லை, கொள்ளேகாலிலேயே வேறு இடம் முடிவாகிவிட்டது என்பதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கை சரியாகிவிட்டது, மாப்பிள்ளை பழத்தோடு வந்துவிட்டார்.

சாயங்காலம் அத்தை என்னை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரினாள். மறுபடி நிச்சயம் எப்போது என்று கேட்டேன். இந்தத் தடவை எனக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை வேண்டும் என்றேன்.

"வாங்கலாம் கண்ணு," என்றாள்.

பின்னி முடித்து ரிப்பன் கட்டினாள். பிறகு ரிப்பனை அவிழ்த்து, பின்னலைப் பிரித்து, சீவி, முதலிலிருந்து பின்னினாள். அதையும் பிரித்தாள். விரல்கள் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. விளக்குப் போட வந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, விளக்கைப் போடாமலே திரும்பிப் போனாள். பின்னல் அத்தைக்குப் பிடித்தமாதிரி வரவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, நான் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.