கையை மட்டும் எடுத்த கேமரா

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனியில் நடந்தது இது. பைக் இன்ஜினுக்குப் போகும் ஒரு சிறிய மூடியை அங்கே செய்தோம். ஆட்கள் அதிகம் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் நான் ஒருத்திதான்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, காலேஜுக்கும் போன முதல் ஆள் நான். அப்பா லாரியில் லோடு ஏற்றுகிறவர். அம்மா அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்கிறவர். மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் யாருக்காவது ஆன்லைனில் எதையாவது பதிய வேண்டும் என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கவும் மாட்டேன்.

அன்று காலை ஓனர் கூப்பிட்டார். முந்தின முறை அனுப்பிய மூடிகளில் சில கசிந்ததால் கஸ்டமர் கோபமாக இருந்தார். இனி ஒவ்வொரு மூடியையும் காற்றடித்துச் சோதிப்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். மூடி சரியாக இருந்தால் மெஷின் 'பீப்' என்று சத்தம் போடும்; அந்தச் சத்தமும் வீடியோவில் தெளிவாகக் கேட்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் சரக்கை எடுப்பேன் என்று சொல்லிவிட்டாராம்.

"சாயங்காலம் வண்டி கெளம்பணும். நீதான் படிச்ச பொண்ணு, நீயே பாத்துக்க. புரியுதா இல்லியா?" என்றார் ஓனர். எதைச் சொன்னாலும் கடைசியில் "புரியுதா இல்லியா" சேர்ப்பது அவர் பழக்கம்.

சோதனை மெஷினில் நின்றவர் எங்கள் தெருக்கார அக்கா. இந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னதே அவர்தான். லேப்டாப்பைப் பக்கத்து மேஜையில் வைத்து, வெப் கேமராவை அவர் கைகளுக்கு மேலே ஒரு ஸ்டாண்டில் மாட்டினேன்.

"மூஞ்சி வருமா பாப்பா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. கைய மட்டும்தான் எடுக்குது."

"அப்ப பவுடரு மிச்சம்."

"கையாச்சும் கழுவிக்கினு வாடி, கஸ்டமரு பயந்துக்கப் போறான்" என்றார் அடுத்து நின்று பேக்கிங் செய்யும் அக்கா.

நான் செட்டிங்ஸில் மூழ்கிவிட்டேன். முதலில் படத்தில் கோடுகள் ஓடின. அது டியூப் லைட்டால் வருவது. அறுபது ஹெர்ட்ஸ் என்று இருந்ததை நம் ஊர் கரண்டுக்கு ஏற்ற மாதிரி ஐம்பது ஆக்கினேன், நின்றுவிட்டது. அடுத்தது சத்தம். மற்றவர்கள் டீ குடிக்கப் போனபோது அக்கா எனக்காக இரண்டு மூன்று மூடிகளைச் சோதித்துக் காட்டினார். பதிவைப் போட்டுப் பார்த்தால் படம் பளிச்சென்று இருந்தது, ஆனால் பீப்பைக் காணோம். காரணம் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தேவையில்லாத இரைச்சலை வடிகட்டும் வசதி ஒன்று தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. அது பீப்பையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு விழுங்கிவிட்டது. வடிகட்டியை நிறுத்தினேன். லேப்டாப் மைக்கை விட்டுவிட்டு, மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த கேமராவின் மைக்கைத் தேர்ந்தெடுத்து, அதன் அளவையும் நன்றாக ஏற்றினேன். திரையில் பச்சைக் கோடு ஒவ்வொரு பீப்புக்கும் துள்ளியது. யாரிடமும் கேட்காமல் நானே கண்டுபிடித்தேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

எல்லோரும் டீ முடித்து வந்தார்கள். பட்டனை அழுத்தினேன். அது ஓடட்டும் என்று விட்டுவிட்டு, ஆபீஸ் அறையில் பில் வேலையைப் பார்க்கப் போனேன். முழு வேலையும் பதிவாகி முடிந்த பிறகு வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன்.

பீப் அருமையாகக் கேட்டது. அதைவிட அருமையாக அக்காவின் குரல் கேட்டது.

"டீ குடிக்கவா வந்தீங்க, வேல பாக்க வந்தீங்களா? புரியுதா இல்லியா?" ஓனரை அப்படியே உரித்து வைத்த மாதிரி பேசினார். பேக்கிங் அக்கா சிரிக்கிறார். ஒரு பீப். பிறகு அக்கா குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: "ஞாயித்துக்கெயம அந்தப் பக்கத்து கம்பெனில வரச் சொல்லிக்கீறாங்க. போய்ப் பாக்கறேன். எடுத்துக்கினா இங்க ஒரு கும்புடு போட்டுட்டு போய்க்கினே இருப்பேன்." மறுபடி பீப்.

சட்டென்று பதிவை நிறுத்தினேன். வேறு கம்பெனியில் விசாரித்தாள் என்று தெரிந்ததற்கே, அதற்கு முந்தின மாதம் ஒரு பெண்ணை ஓனர் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருந்தார். இத்தனைக்கும் அவள் அவரைக் கேலிகூடச் செய்யவில்லை.

சத்தத்தை மட்டும் வெட்டிவிடலாம் என்றால் பீப் போய்விடும். எல்லாம் ஒரே தடத்தில் கலந்து பதிந்திருந்தது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் செருப்புச் சத்தம்.

"முடிஞ்சிதா? போடு, பாப்போம்" என்றார் ஓனர்.

"பீப் சரியா விழல சார். மறுபடி எடுக்கணும்."

"எங்க, போட்டுக் காட்டு."

திரையில் இரண்டு பதிவுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. டீ நேரத்தில் எடுத்த முதல் பதிவைத் திறந்தேன். ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டு அவருக்குக் கேட்கும்படி ஓடவிட்டேன். அக்காவின் கைகள் மூடியை வைக்கின்றன, எடுக்கின்றன. தண்ணீருக்குள் இருந்து பார்க்கிற மாதிரி ஒரு நிசப்தம்.

"இன்னாம்மா இது? காலைலேர்ந்து இத்தத்தான் பண்ணிக்கினு இருந்தியா? டிகிரி படிச்சிருக்கேன்னு உன்ன நம்பிக் குடுத்தேன் பாரு. என் பையன் ஃபோன்லயே எடுத்துக் குடுத்திருப்பான். புரியுதா இல்லியா?"

அந்த இடமே திரும்பிப் பார்த்தது. கோளாறு எதனால் வந்தது, எதை மாற்றினால் சரியாகும், எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. சரியாக எடுத்த பதிவு அவர் கண்ணெதிரே, ஒரு விரல் தூரத்தில் இருந்தது. "புரியுது சார்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் போன பிறகு அக்கா சிரித்தார். "இன்னா பாப்பா, கம்ப்யூட்டரு இன்னிக்கி மக்கர் பண்ணுதா? உனுக்கேவா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அங்கே பேச முடியாது. சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தனியாக மேஜைக்குக் கூப்பிட்டு ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். முதலில் சிரித்துக்கொண்டே கேட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு வந்ததும் முகம் மாறிவிட்டது. மெதுவாக ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கைய மட்டும்தான் எடுக்குதுன்னு சொன்னியே பாப்பா. காதும் கீதுன்னு சொல்லலியே."

கோபமாகச் சொல்லியிருந்தால் எதையாவது பதில் பேசியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மைக் எது, வடிகட்டி எது, அளவு எவ்வளவு என்று எல்லாவற்றையும் பார்த்தவள், அந்த மைக்குக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவர்களுக்கு என்ன புரியப்போகிறது என்ற எண்ணம்கூட உள்ளுக்குள் இருந்திருக்கலாம்.

"அவுரு பாத்தாரா?"

"இல்லக்கா. வேற ஒண்ணத்தான் காட்டினேன்."

காலையில் நான் வாங்கிய திட்டு எதற்கு என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நான் பாக்கச்சொல்லவே, என் கண்ணெதிர அழிச்சுடு" என்றார்.

அழித்தேன்.

"எங்க போச்சு?"

"குப்பைத் தொட்டிக்குக்கா."

"குப்பையக் கெளறுற ஆளு இருந்தா?"

சரியான கேள்விதான். அதையும் காலி செய்து காட்டினேன்.

பிறகு அக்காவே போய் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தார்கள். இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி நான் சொன்னேன்: "அக்கா, இதுல கை தெரியும், பேசறதெல்லாம் கேக்கும். ரெக்கார்டு ஆகும்போது இந்தச் சிவப்பு லைட்டு எரியும். நான் 'ஆச்சு'ன்னு சொல்ற வரைக்கும் யாரும் பேசாதீங்க."

"தும்மல் வந்தா?" என்றார் பேக்கிங் அக்கா.

"தும்மலாம். பரவால்ல."

"ஓனர மாதிரி தும்மாத" என்று முணுமுணுத்தார் அக்கா. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு பட்டனை அழுத்தினேன். பீப், பீப் என்ற சத்தமும் மூடி தட்டில் விழும் சத்தமும் தவிர அந்தப் பதிவில் எதுவும் இல்லை. சாயங்காலம் கஸ்டமர் பார்த்து ஒப்புக்கொண்டார். வண்டி கிளம்பியது.

அக்காவுக்குப் பக்கத்துக் கம்பெனி வேலை கிடைத்தது. ஓனரிடம் அவரே நேரில் சொல்லிவிட்டுப் போனார். நானும் இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறேன், அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன். நான் அங்கே இருந்தவரைக்கும் எந்த வீடியோ வேலை வந்தாலும், "போன தடவ மாதிரி பண்ணாத" என்று ஓனர் சொல்லிக்காட்டாமல் இருந்ததில்லை.

இன்றைக்கும் எங்கே பதிவு எடுத்தாலும், செட்டிங்ஸைத் தொடுவதற்கு முன்னால், அங்கே இருக்கிற ஒவ்வொருவரிடமும் எது பதியும் என்று சொல்லிவிடுகிறேன். படித்ததால் எனக்குக் கிடைத்த நல்ல பெயர்கள் நிறைய உண்டு. ஆனால் ஒன்றும் தெரியாதவள் என்று அன்று வாங்கிய கெட்ட பெயரைத்தான் யாரும் திருத்த வேண்டாம் என்று நினைக்கிறேன்.