பதினேழு வருடம் போடாத கையெழுத்து

லொரேத்தாவுக்கு நாற்பத்து நான்கு வயது. கடற்கரை ஊரான மொல்ஃபேத்தாவில் அவள் வரைந்த வீடுகளில் குடியிருப்பவர்களை எண்ணினால் ஒரு தெரு நிறையும். அவற்றில் ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது. கட்டடக்கலைப் பட்டம் கையில் இருக்கிறது, உரிமம் இல்லை. உரிமம் இல்லாதவர் வரையலாம், அளக்கலாம், மேஸ்திரியிடம் தொண்டை வற்றக் கத்தலாம். கையெழுத்தை மட்டும் வேறொருவர்தான் போட வேண்டும். அந்த வேறொருவர் அலுவலகத்தின் முதலாளி, ஆர்க்கிடெக்ட் கொர்ராதோ ஸ்பதவேக்கியா. நல்ல மனிதர்தான். காபி வாங்கிக் கொடுப்பார், கோபப்பட மாட்டார், வரைபடங்களைப் பார்க்கவும் மாட்டார். வெள்ளிக்கிழமை மதியம் கட்டாக வாங்கி, கைபேசியில் பேசிக்கொண்டே சீல் குத்திக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார்.

வேலையிடத்தில் கொத்தனார்கள் அவளையும் ஆர்க்கிடெக்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் கண்ணாடி போட்டு, கையில் காகிதச் சுருள் வைத்திருந்தாலே அந்தப் பட்டம் தேடி வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் லொரேத்தாவுக்கு, அடுத்தவர் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தவளைப் போல் உடம்பு கூசும்.

முதல் தடவை உரிமப் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டுப் போகவே இல்லை; மகளுக்கு அம்மை போட்டிருந்தது. இரண்டாவது தடவை வாய்மொழித் தேர்வில் நகரமைப்புச் சட்டத்தில் கவிழ்ந்தாள். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாவது தடவை ஏன் கிளம்பினாள் என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அலுப்புதான் காரணம். படிக்கிற அலுப்பை விடப் படிக்காமல் இருக்கிற அலுப்பு பெரிதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

படித்தது காரில். மதியம் இரண்டு மணிக்கு அலுவலகம் சாத்தினால் நான்கரைக்குத்தான் திறக்கும். ஊரே சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் அந்த நேரத்தில் துறைமுகத்தை ஒட்டிக் காரை நிறுத்தி, ஸ்டியரிங்மேல் சட்டப் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொள்வாள். ஒரு கையில் எண்ணெய் ஊறிய ஃபொக்காச்சா ரொட்டி. எண்ணெய் படியாத பக்கம் அந்தப் புத்தகத்தில் இல்லை. படித்தது பாதி, தூங்கியது பாதி. கணவன் மௌரோ மீன் சந்தையில் ஏலம் எழுதுகிறவன். விடிவதற்குள் போய் மதியம் திரும்புகிறவன். ஒருநாள் காரைத் தாண்டி நடந்தபோது அவள் வாய் திறந்து தூங்குவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சொன்னான்:

"சட்டம் நல்லா ஏறுது போல. குறட்டையிலயே ஷரத்து ஷரத்தா வந்துச்சு."

அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பு இல்லை.

பரீட்சை பாரி நகரத்தில். வரைபடத் தேர்வு மட்டும் ஆறு மணி நேரம். குறுகலான மனையில் ஒரு சின்ன நூலகம் வரையச் சொல்லியிருந்தார்கள். சுற்றிலும் இருந்தவர்களுக்கு அவள் மகளை விடப் பத்து வயதுகூட அதிகம் இருக்காது. தொடங்கும் முன் மேற்பார்வையாளர் அம்மாள் விதியைப் படித்தார்: தாளில் எந்தப் பெயரும், எந்த அடையாளமும் இருக்கக் கூடாது, இருந்தால் அந்தத் தாள் செல்லாது. யாருடையது என்று தெரியாமல் திருத்த வேண்டுமே, அதற்காக. லொரேத்தா தலையாட்டினாள். இது கூடவா தெரியாது?

கை ஓடியது. பதினேழு வருடப் பழக்கம் சும்மா போகுமா? மாடி, படிக்கட்டு, சக்கர நாற்காலிக்குச் சரிவு, வடக்கு வெளிச்சம், எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன. ஐந்து மணி நேரத்தில் மையிட்டு முடித்து, மரங்களும் போட்டு, வாசலில் குடையோடு ஒரு ஆளையும் நிறுத்தினாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகத் தன்மேலேயே கொஞ்சம் பிரியம் வந்தது. அந்த நிம்மதியில், கீழ் வலது மூலையில், வரைந்தவர் பெயர் எழுதும் டைட்டில் பிளாக் கட்டத்தை இழுத்து, அழகான பெரிய எழுத்தில் எழுதினாள்: வடிவமைப்பு, ஆர்க்கிடெக்ட் கொர்ராதோ ஸ்பதவேக்கியா.

எழுதி முடித்துப் பேனாவை மூடிய பிறகுதான் கண்ணில் பட்டது.

பிளேடால் சுரண்டலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சுரண்டிய தடமும் அடையாளம்தான். அதை விட அவளைக் குத்தியது வேறு. தன் பெயரை எழுதியிருந்தாலாவது பதற்றத்தில் செய்த தப்பு என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அந்த இடத்தில் தன் பெயர் வரக்கூடும் என்பதே அவள் கைக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. அழுதால் தாள் நனையும் என்று அடக்கிக்கொண்டாள்.

கையைத் தூக்கிப் புதுத் தாள் கேட்டாள். மேற்பார்வையாளர் கடிகாரத்தைக் காட்டினார்.

"ஐம்பது நிமிஷம்தான் இருக்கு."

"தெரியும். குடுங்க."

மரம் இல்லை, நிழல் இல்லை, குடைக்காரனும் இல்லை. தரைத்தளம், மேல்தளம், ஒரு வெட்டுத் தோற்றம், அவ்வளவுதான். சுவர், திறப்பு, அளவு. மூலையை வெறுமையாக விட்டாள். மணி அடித்தபோது வலது கை விரல்களை இடது கையால்தான் பிரிக்க முடிந்தது. புதுத் தாளைக் கொடுத்து, பழைய தாளை நான்காக மடித்துச் செல்லாதது என்று தனியாக ஒப்படைத்துவிட்டு, ரயிலில் நின்றுகொண்டே ஊர் திரும்பினாள். உட்கார இடம் இருந்தது. உட்கார்ந்தால் ஊரைத் தாண்டித் தூங்கிவிடுவோம் என்று பயம்.

அந்தப் புதுத் தாளும் மற்ற எழுத்துத் தாள்களும் எப்படியோ தேறி, இரண்டு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வுக்கு அழைத்தார்கள். பெயர்களைத் தனியே ஒட்டி வைத்திருந்த உறைகளைப் பிரித்துத் தாள்களோடு சேர்த்தாகிவிட்டது; ஐந்து பேர் மேசைக்குப் பின்னால். நடுவில் இருந்த பேராசிரியர் அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மரமே இல்ல, ஆளே இல்ல. என்னம்மா இவ்ளோ சிக்கனம்?"

லொரேத்தா நடந்ததை நடந்தபடி சொன்னாள். மறைக்கவும் தெம்பு வேண்டுமே. நான்கு பேர் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை, தீ விபத்தில் ஆட்கள் வெளியேறும் வழியைப் பற்றிக் கேட்டார், பிறகு ஈரம் ஏறும் சுவரைப் பற்றி, பிறகு அந்தப் பழைய நகரமைப்புச் சட்டத்தைப் பற்றி. அவள் புத்தகத்திலிருந்து கொஞ்சமும், கொத்தனார்களோடு போட்ட சண்டைகளிலிருந்து மிச்சமுமாகப் பதில் சொன்னாள்.

பலகையில் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் கடைசிக்கு இரண்டு பெயர் மேலே இருந்தது. மூன்று தடவை படித்தாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். கால் வலிதான் வந்தது. படியிலேயே உட்கார்ந்து மௌரோவைக் கூப்பிட்டாள்.

"பாஸ்."

"யாரு?"

"நான்தான்."

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்: "சாப்டியா?"

பதிவு முடிந்து, அவள் பெயரிட்ட சீலும் வந்து சேர்ந்த அன்று கொர்ராதோ அலுவலகத்தில் நுரைக்கும் ஒயின் திறந்தார். மொறுமொறுப்பான தராள்ளி முறுக்கு ஒரு பொட்டலம், காகிதக் கோப்பைகள், சின்ன உரை. அவர் கண்கூடக் கலங்கியது, நடிப்பில்லை. பிறகு ஒரு ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். ஊருக்கு வெளியே பழைய எண்ணெய்ச் செக்குக் கட்டடத்தைப் பிரித்து ஆறு குடியிருப்புகளாக்கிய வேலை. வெளியாள் ஒருவன் வரைந்தது. லொரேத்தா கை வைக்காதது. குடியிருக்கத் தகுதியானது என்று சான்று கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை ஆட்கள் குடிவருகிறார்கள்.

"ஒன்னோட மொதக் கையெழுத்து இதுல இருக்கட்டும்," என்றார் பெருமையாக.

லொரேத்தா ஃபைலைப் புரட்டினாள். மேல்மாடி வளைவுக் கூரை பாரம் தாங்கும் என்பதற்குக் கணக்கு இருந்தது; யாராவது போய்ப் பார்த்ததாக ஒரு வரி இல்லை.

"நான் மொதல்ல போய்க் கட்டடத்தப் பாக்குறேன். பாத்துட்டுத்தான் போடுவேன்."

கொர்ராதோவின் முகம் சுருங்கிவிட்டது. "பதினேழு வருஷம் நீ வரைஞ்சத ஒரு தடவகூடப் பாக்காம கையெழுத்துப் போட்டிருக்கேன், லொரேத்தா. அவ்ளோ நம்பிக்கை ஒம்மேல."

"தெரியும். நீங்க பாக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் ஒவ்வொண்ணையும் நான் நாலு தடவ பாத்தேன்."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, அளவுநாடாவைப் பையில் போட்டுக்கொண்டு, கட்டடத்துச் சாவியைக் கேட்டாள். கொர்ராதோ மேசை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினார். பிறகு அலமாரியில் தேடினார். கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்து, அந்தச் சாவி தன்னிடம் எப்போதாவது இருந்ததா என்று அவளையே கேட்டார்.