பூசையில் கிடைத்த சமாதானம்

இன்று மட்டாஞ்சேரியில் ஞாயிறு பூசைக்குப் போய், வேண்டுமென்றே லிசி சேச்சிக்கு நேர் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன்.

எங்கள் ஃபாதர் குடித்துவிட்டு ஆடுவதாகச் சேச்சி போன வாரம் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ போட்டிருந்தார். ஆடுவது வேறு யாரோ, ஊரும் வேறு என்று எழுதினேன்.

"நீ யூதாஸ்" என்று சேச்சியிடமிருந்து பதில் வந்தது. பங்கு மக்களில் பாதிப் பேர் அதற்குக் கைதட்டினார்கள்.

வாராவாரம் பூசை முடிந்து நானும் சேச்சியும் சேர்ந்து குடிக்கும் சாயா அன்றோடு நின்றது.

இன்று பூசை நடுவே, ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. கைகூப்பித் திரும்பிய சேச்சி, என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"சமாதானம் சேச்சி" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது பொய்னு எனக்கும் தெரிஞ்சு போச்சு மோளே. இனி குரூப்பில எப்படிச் சொல்றது? நாணக்கேடில்லையா?"

பூசை முடிந்ததும் சாயாக்கடையில் காத்திருந்தேன். சேச்சி வரவில்லை.

வீட்டுக்கு வந்து குரூப்பைத் திறந்தே வைத்திருந்தேன். சேச்சி டைப் செய்கிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

கடைசியில் வந்தது ஒரு ரோஜாப்பூ. 'எல்லாருக்கும் இனிய ஞாயிறு.'

நான் ஹார்ட் போட்டுவிட்டேன். ஃபாதருக்கும் சேர்த்து இந்த ரோஜாவை மன்னிப்புக் கேட்ட கணக்கில் வைக்கலாமா, நீங்களே சொல்லுங்கள். எனக்கு அந்தச் சாயா வேண்டும்.