கிராம் அண்ணனின் எடை

என் அண்ணனுக்கு லாரிக்காரர்கள் வைத்த பெயர் கிராம். கல்குவாரிக்குப் போகும் சாலையில் இருந்த எடை மேடையில் அவர் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அதன் கண்ணில் படாது. அதை வைத்துக்கொண்டு ஒரு கிராம்கூட விட்டுக்கொடுக்காத மனிதர் என்று கேலியாக வைத்த பெயர் அது. போகப்போக மரியாதையாகவே மாறிவிட்டது. கிராம் அண்ணே என்று கூப்பிட்டால்தான் அவரும் திரும்பிப் பார்ப்பார்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா படுக்கையில் விழுந்தபோது நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மா போன பிறகு அண்ணனுக்குச் சமைத்துப் போடுவதே என் வேலை ஆனது. எனக்கும் அவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். எனக்கு நாற்பது தாண்டியும் அவருக்கு நான் பாப்பாதான். மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனால் சாயங்காலம் வரை எடை மேடைக் கேபினின் மூலையில் உட்கார்ந்திருப்பேன். வாய் திறக்க மாட்டேன். பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அங்கே பார்ப்பதற்கு நிறைய இருந்தது. முதலில் காலி வண்டியை நிறுத்துவார்கள், பிறகு சரக்கோடு நிறுத்துவார்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கின் எடை. இந்த ஒரு கழித்தலில் எத்தனை திருட்டு! சரக்கோடு வரும்போது மட்டும் வண்டிக்கு அடியில் தண்ணீர் டிரம் கட்டிக்கொண்டு வருவார்கள். டிரைவர் இறங்காமல் சீட்டிலேயே படுத்துக்கொள்வார். எல்லாவற்றையும்விட அதிகம் நடந்தது ஈர மணல். மணலின் மேல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அண்ணன் வண்டி மேல் ஏறி, கையை முழங்கை வரை மணலுக்குள் விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழிவார். விரலிடுக்கில் தண்ணீர் வடியும்.

"தண்ணிக்கெல்லாம் நான் எடைச் சீட்டு அடிக்க மாட்டேன். போய் வெயில்ல நில்லு, காய்ஞ்சதும் வா" என்பார்.

"அண்ணே, உங்க வீட்டுக் குழம்புலகூட தண்ணி இருக்காதா?" என்று ஒரு டிரைவர் கேட்டார். அண்ணன் என்னைக் கை காட்டி, அதை அங்கே கேளு என்றார். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். வண்டி வெயிலுக்குத்தான் போனது.

தினமும் காலையில் கேபினைத் திறந்ததும் அவர் ஒரு காரியம் செய்வார். காலி மேடையின் நடுவில் போய் நின்று, ஜன்னல் வழியாகத் தெரியும் சிவப்பு எண்ணைப் பார்ப்பார். அறுபது என்று காட்டும். சரி என்று சொல்லிவிட்டு உள்ளே வருவார். மேடை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அவருக்கு அவர் உடம்பே எடைக்கல்.

ஒருநாள் காலையில் அது ஐம்பது காட்டியது.

அண்ணன் இறங்கி, மேடையின் ஓரத்தில் சிக்கியிருந்த சின்னச் சின்னக் கல்லையெல்லாம் குச்சியால் நோண்டி எடுத்தார். தண்ணீர் விட்டுக் கழுவினார். மறுபடி ஏறினார். ஐம்பதுதான். அன்று ஒரு வண்டியையும் ஏற்றவில்லை. சாலை ஓரத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். மேடை பொய் சொல்கிறது, மெக்கானிக் வரட்டும் என்று அண்ணன் கதவைச் சாத்திவிட்டார்.

மறுநாள் மெக்கானிக் வந்தார். வேனிலிருந்து இருபது கிலோ இரும்புக் கல் மூன்றை இறக்கி வைத்தார். அறுபது காட்டியது. இடத்தை மாற்றி மாற்றி வைத்தும் அறுபதுதான். பிறகு அண்ணனை ஏறச் சொன்னார். ஐம்பது.

மெக்கானிக் கற்களைத் திரும்ப வேனில் ஏற்றினார். "மேடை நல்லாத்தான் இருக்கு, அண்ணே. நீங்க ஒரு டாக்டரைப் பாருங்க" என்றார்.

அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இரண்டு மாதமாகச் சாப்பாட்டுத் தூக்கு பாதி காலியாகாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது. பசியில்லை பாப்பா என்பார். வயதாகிறது, அதுதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன். பெல்ட்டில் அவர் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டதைப் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாத வாய் என்னுடையது.

குடலில் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்துவிடலாம், ஆனால் இந்த உடம்பு தாங்காது என்றார் டாக்டர். பரிசோதனை எல்லாம் முடிவதற்குள் அண்ணன் நாற்பத்திரண்டு கிலோவுக்கு வந்திருந்தார். ஆறு வாரத்துக்குள் நாற்பத்தைந்து வந்தால் ஆபரேஷன் செய்யலாம். அதற்குமேல் கட்டி காத்திருக்காது. மூன்று கிலோ. லாரியிலிருந்து வழியில் சிந்துவதே அதைவிட அதிகம் இருக்கும்.

நோயாளிக்கு லேசாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். எங்கள் வீட்டில் யாருக்கு எது வந்தாலும் அதுதான் வழக்கம். தெளிந்த கஞ்சி, காய் வேகவைத்த தண்ணீர், ஆடை எடுத்த பால். பரிசோதனைக்கு அலைந்த நாளெல்லாம் பெரிய டம்ளர் நிறைய ஊற்றி, கெஞ்சிக் கெஞ்சிக் குடிக்க வைத்தேன். அது முடிந்ததும் வயிறு நிறைந்துவிட்டது என்று படுத்துவிடுவார். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயம் பார்க்கும் நர்ஸ், என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டபோது பெருமையாகத்தான் சொன்னேன்.

"வயித்த தண்ணியால நிரப்பிட்டா சாப்பாடு எங்கம்மா போகும்?" என்றார் அவர். "அவரால மூணு ஸ்பூன்தான் சாப்பிட முடியும்னா, அந்த மூணு ஸ்பூன்லயே எல்லாம் இருக்கணும்."

அண்ணன் என் பக்கம் திரும்பி, "கேட்டியா பாப்பா, நீ இத்தனை நாளா டிரம்ல தண்ணி கட்டி ஓட்டியிருக்க" என்றார்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். கை நிறையக் கொடுத்து, நானே அவரைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

நர்ஸ் சொன்ன ஒன்றையும் நான் விடவில்லை. பாலில் பால் பவுடரைக் கரைத்து வைத்துக்கொண்டு எதற்கும் அந்தப் பாலையே ஊற்றினேன். கஞ்சியைக் கெட்டியாக்கி அதில் வேர்க்கடலையை மைபோல அரைத்துச் சேர்த்தேன். உருளைக்கிழங்கு மசியலில் வெண்ணெயும் முட்டை மஞ்சள் கருவும். ரொட்டியின் ஓரம் வரை வெண்ணெய். மூன்று வேளையை ஆறாகப் பிரித்தேன். பெரிய தட்டைப் பார்த்தாலே அவருக்கு மலைப்பாக இருந்ததால் எல்லாம் சின்னக் கிண்ணத்தில்தான். தண்ணீர், சாப்பிட்டு அரை மணி கழித்து. தாளிக்கும் வாசனை வந்தால் குமட்டிக்கொண்டு வரும் என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்து, ஆறவைத்துக் கொடுத்தேன்.

சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து வாயையே பார்க்காதீர்கள் என்றும் நர்ஸ் சொல்லியிருந்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது. அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பளபளவென்று தேய்த்த குடத்தில் தெரியும் நிழலைப் பார்ப்பேன். கிண்ணத்திலிருந்து ஸ்பூன் எழும்புவதும், பாதி வழியில் நிற்பதும் அதில் தெரியும்.

"பாப்பா, இந்த உருளைக்கிழங்குல ஓவர்லோடு ஏத்தியிருக்க" என்பார். "அச்சு முறிஞ்சிடப்போவுது."

"பேசாம சாப்பிடுங்க."

"குடத்துல நான் நல்லா தெரியறேனா?"

வீட்டுக்கு ஒரு சின்ன எடை மெஷின் வாங்கினோம். அண்ணன் முதலில் அதன் மேல் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்துச் சோதித்த பிறகுதான் நம்பினார். தினமும் காலையில், வெறும் வயிற்றில், அதே மெல்லிய உடுப்போடு ஏறுவார். ஒரு நோட்டில் மேடையில் எழுதுவது போலவே கட்டம் போட்டு எழுதினார். மொத்தம், காலி வண்டி, சரக்கு. காலி வண்டி என்ற கட்டத்தில் எல்லா நாளும் நாற்பத்திரண்டு. அதற்குமேல் ஏறியது சரக்கு. முதல் வாரம் சரக்கு இல்லை. இரண்டாவது வாரமும் இல்லை. மூன்றாவது வாரம் அறுநூறு கிராம். நான்காவது வாரக் கடைசியில் ஒரு கிலோ நூறு.

ஐந்தாவது வாரம் எடை ஓட ஆரம்பித்தது. ஒரே நாளில் நானூறு கிராம், மறுநாள் ஐந்நூறு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் நானாகவே போய்ச் சொன்னேன். இத்தனை வருடத்தில் நான் அவர் வீட்டுப் படி ஏறியது அன்றுதான். ஐந்தாம் நாள் காலையில் நாற்பத்தைந்தைத் தாண்டியது. ஏழாம் நாள் நாற்பத்தாறு இருநூறு. கால் சில்லென்று இருக்கிறது என்று அண்ணன் பழைய சாக்ஸ் கேட்டார். வெயில் காலத்தில் என்ன சாக்ஸ் என்று எனக்குத் தோன்றவில்லை. எடுத்துக் கொடுத்தேன். வாயைப் பார்த்தேன், ஸ்பூனைப் பார்த்தேன், மெஷினில் எண்ணைப் பார்த்தேன். காலைப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடை பார்த்தார். நாற்பத்தாறரை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்கவில்லை. அண்ணனை உட்கார வைத்து, சாக்ஸைக் கழற்றி, கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து விரலை எடுத்தார். விரல் பதிந்த இடத்தில் விழுந்த குழி அப்படியே நின்றது.

நீர் சேர்ந்திருக்கிறது, டாக்டர் வரட்டும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சாக்ஸை எடுத்து மடித்துப் பையில் போட்டார்.

"ஈர மணல், பாப்பா" என்றார்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"மொத நாளே. செருப்பு வார் கால்ல பதிஞ்சு கிடந்துது."

"ஏன் சொல்லல?"

வெளியே வராந்தாவில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் ஓயும் வரை அண்ணன் காத்திருந்தார்.

"நீ பாட்டு முணுமுணுத்துக்கிட்டே பாத்திரம் தேய்ச்ச. நம்ம வீட்ல அந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு. இருக்கட்டும், இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

டாக்டர் வந்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கட்டி கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது, இனி ஆபரேஷன் இல்லை என்றார். முன்னமே கொஞ்சம் எடை கூடியிருந்தால் செய்திருக்கலாமா என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை. தெளிந்த கஞ்சி ஊற்றிய அந்த நாட்களை நினைத்துக்கொண்டால் பதில் எனக்கே தெரியும் போல இருக்கிறது.

நீரை வற்ற வைக்க மருந்து கொடுத்தார்கள். நீர் போனதும் எடை முப்பத்தொன்பது. அதற்குப் பிறகு அண்ணன் மெஷினில் ஏறவில்லை. நான் வெண்ணெய் போட்டு மசித்துக்கொண்டுதான் இருந்தேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு ஸ்பூன் சாப்பிடுவார். சில நாள் அதையும் வாயிலேயே வெகுநேரம் வைத்திருப்பார். ஒன்பது நாள் கழித்து, காலையில், நான் பால் ஆற்றிக்கொண்டிருந்தபோது போய்விட்டார்.

லாரிக்காரர்கள் நிறையப் பேர் வந்தார்கள். அவர்கள் வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. தூக்கியவர்களில் ஒருவர், வெயிலில் நில்லு என்று அண்ணன் அனுப்பிய டிரைவர். தூக்கும்போது அவர் கை எதிர்பார்த்த கனம் இல்லாமல் சட்டென்று மேலே போனது. அவர் அழுததை அப்போதுதான் பார்த்தேன்.

எல்லாம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து நோட்டைத் திறந்தேன். மொத்தம் என்ற கட்டத்தில் ஐந்தாவது வாரத்தின் ஏழு நாளுக்கும் மெஷின் காட்டிய எண்ணை எழுதியிருந்தார். காலி வண்டி நாற்பத்திரண்டு. சரக்கு என்ற கட்டம் ஏழு நாளும் காலியாக இருந்தது. விட்டுட்டேன் என்று என்னிடம் சொன்னாரே தவிர, சீட்டு அடிக்கவில்லை. தினமும் அந்த நோட்டு என் கண் முன்னால்தான் திறந்து கிடந்தது. பெரிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நான் பாத்திரம் தேய்க்கப் போயிருக்கிறேன்.

பென்சிலை எடுத்து உட்கார்ந்தேன். அந்த வாரம் அவர் என்ன சாப்பிட்டார் என்று எனக்கு ஒவ்வொரு ஸ்பூனும் நினைவிருந்தது. குடத்தில் பார்த்ததுதானே. காலியாக இருந்த முதல் சரக்குக் கட்டத்தில், உருளைக்கிழங்கு நாலு ஸ்பூன், முட்டை பாதி என்று எழுதினேன். அடுத்ததில், கஞ்சி ஐந்து ஸ்பூன், ரொட்டி ஓரம் நீக்கி ஒரு துண்டு. கட்டம் சின்னது, என் எழுத்து பெரியது. இடித்து இடித்து எழுத வேண்டியிருந்தது. கடைசிக் கட்டம் ஏழாம் நாளுடையது. அன்று காலையில் எடையைப் பார்த்த சந்தோஷத்தில் நான் பாலில் பவுடரை ஒரு ஸ்பூன் அதிகமாகப் போட்டிருந்தேன். திகட்டுகிறது என்றார். நாளைக்குக் குறைத்துப் போடுகிறேன் என்றேன்.

பால், அரை டம்ளர் என்று எழுதினேன். மீதியை அவர் வைத்துவிட்டார்.