ஒரு மூக்கடைப்புக்கு மூன்று கண்ணாடி

கண்ணாடிக் கடைக்காரனுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு: ஊரில் யாருக்குத் தலை வலித்தாலும் பவர் ஏறிவிட்டதென்றே தோன்றும். காஞ்சிபுரத்தில் கடை வைத்துக் கண் பரிசோதனையும் செய்யும் எனக்குப் பதினெட்டு வருடமாக அந்த வியாதி. கூடவே சைனஸும். குனிந்து செருப்பு மாட்டினாலே கன்னம் கனக்கும் சக நோயாளிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அடுக்குத் தும்மல்

ஒரு டீச்சரின் கண்ணுக்கு நேரே டார்ச்சைப் பிடித்திருந்தேன். பக்கத்துக் கடை சாம்பிராணிப் புகை உள்ளே வந்தது. தொடர்ந்து ஒன்பது தும்மல். லென்ஸ் பெட்டி கவிழ்ந்து எல்லாப் பவரும் தரையில் கலந்துவிட்டது. டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"முதல்ல உங்க மூக்கைக் காட்டிட்டு வாங்க சார். அதுவரைக்கும் என் கண்ணு இப்படியே இருக்கட்டும்."

எழுத்துப் பலகை

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற தனலட்சுமி அக்கா, தறியில் உட்கார்ந்தால் வலது கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்று வந்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொன்னேன். கடகடவென்று படித்தார். கண்ணாடி கொடுத்தேன். இரண்டே வாரத்தில் திரும்பி வந்தார். கால் பாயின்ட் கூட்டி இன்னொன்று கொடுத்து, தலையணை உயரம்தான் காரணம் என்று அளந்தும் விட்டேன். மறுபடியும் வந்து நின்றார்.

"எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுது தம்பி. நான் என்னா எழுத்தையா நெய்ஞ்சிக்கினு இருக்கேன்?"

தறி முன்னால்

ரோஷம் வந்து மூன்றாவது கண்ணாடியை நானே அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாட்டிக்கொண்டு தறியில் உட்கார்ந்தார். அறுந்த இழையை முடிச்சுப்போடக் குனிந்தவர், சட்டென்று கன்னத்தைப் பொத்திக்கொண்டார். தினமும் காலையில் செருப்பு மாட்டும்போது நான் செய்வது அதேதான்! நிமிர்ந்தபோது பார்த்தேன். வலது கண் கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தது. நாலு நாளாக ஒரு ஜரிகை இரண்டாகத் தெரிகிறதாம். மூக்கு அடைத்து ஆறு மாதமாம். அந்தக் கண் போனால் அவருக்குத் தறி இல்லை; அதற்குக் காரணம் நானாகத்தான் இருப்பேன்.

"மூக்கைப் பத்தி ஏன்க்கா சொல்லவே இல்லை?" என்றேன்.

"நீ கண்ணு பாக்கறவனாச்சே, மூக்கைப் பத்தி உன்கிட்ட எதுக்குபா சொல்லணும்?"

குனியும் வைத்தியம்

அப்படியே ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேனில், மூக்குப் பக்கத்து சைனஸ் அறையில் சளி கட்டி, வீங்கி, கண்ணை நெருக்கிக்கொண்டிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பார்வையே போயிருக்கும் என்றார் டாக்டர். நான் கொடுத்த மூன்று கண்ணாடிகளையும் நினைத்துக் கூசிப்போனேன். ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதத்தில், ஜரிகை ஒன்றாகத் தெரிகிறது என்று சொல்ல அக்காவே கடைக்கு வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என் நாற்காலியை மேலும் கீழும் பார்த்தார்.

"இனிமே யார் வந்தாலும் இதுல உக்கார வெக்காதபா. முதல்ல குனியச் சொல்லு."

இப்போது என் கடையில் தலைவலி என்று வருகிறவர்கள் எல்லோரும் முதலில் என் முன்னால் குனிகிறார்கள். எனக்கு ஊரில் இவ்வளவு மரியாதையா என்று எதிர்ப் பூக்கடைக்காரர் பொறாமையில் புழுங்கிக்கொண்டிருக்கிறார்.