அக்காவின் ஷெட்டிலிருந்து வந்த தூசி

விருத்தாசலத்தில் என் அக்கா ஒரு சின்ன பீங்கான் ஷெட் நடத்துகிறாள். ஃப்யூஸ் கட்டைகளும் பொம்மைகளும் செய்கிறார்கள். நான் புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில், மனித நுரையீரல் செல்களைக் குப்பிகளில் வளர்த்து, அவற்றின் மேல் விதவிதமான தூசியைப் போட்டு என்ன ஆகிறது என்று பார்க்கிறேன். செல்களுக்குத் தீனி மாற்ற வேண்டுமென்று நான் ஒரு பொங்கலன்று பாதியிலேயே பஸ் ஏறியதிலிருந்து, "பாட்டில்ல புள்ள வளக்குறா" என்றுதான் அக்கா எல்லாரிடமும் சொல்லி வருகிறாள்.

பீங்கான் தூசியைச் சோதிக்க வேண்டி வந்தபோது அவளிடமே கேட்டேன்.

"தூசிதான? மூட்டையா அள்ளிக்கினு போ."

தரையில் கிடப்பது வேண்டாம், மூச்சோடு உள்ளே போகிற நுண்ணிய தூசிதான் வேண்டும் என்றேன். அதற்கு இடுப்பில் ஒரு சின்ன பம்பும் தோளருகே ஒரு வடிகட்டியும் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்ய வேண்டும். தானே மாட்டிக்கொள்வதாகச் சொன்னாள்.

நான் போன அன்று ஷெட் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் கோலம். தரை கழுவி ஈரம்கூடக் காயவில்லை. காய்ந்த கட்டைகளின் பிசிறைச் சுரண்டித் தூசி கிளப்பும் பெண்கள் அன்று அந்த வேலையை விட்டுவிட்டு பொம்மைகளுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆய்வகத்துக்குத் திரும்பி வடிகட்டியை எடை போட்டேன். சோதனைக்குப் போதுமான தூசி தேறவில்லை என்று போனில் சொன்னதும் அக்காவுக்கு ஒரே பெருமை.

"பாத்தியாடி, என் ஷெட்டு எவ்ளோ சுத்தம்னு."

அடுத்த முறை சொல்லாமல் போய் இறங்கினேன். அக்கா துடைப்பத்தால் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள், புருவமெல்லாம் வெள்ளை.

"சொல்லாம கொள்ளாம வர்றது என்னா பழக்கம்?" என்று முறைத்தபடியே பம்பை மாட்ட இடுப்பைக் காட்டினாள்.

இந்தத் தடவை போதுமான தூசி கிடைத்தது. கொஞ்சமாகப் போட்டபோது செல்கள் பேசாமல் இருந்தன. அளவு கூடக்கூட அவை சுருங்கின, பல செத்தன. படங்களை போனில் காட்டினேன். அக்கா நெடுநேரம் பார்த்தாள்.

"இது யாரோட நுரையீரலு?"

"யாரோ ஒருத்தங்களோடது. எப்பவோ எடுத்தது, இன்னும் வளந்துகிட்டே இருக்குது."

"பாவம். எனக்கும் இப்டித்தான் ஆவுமா?"

"குப்பியில ஆனது ஆளுக்கு அப்படியே ஆகும்னு சொல்ல முடியாதுக்கா. ஆனா இந்தத் தூசி சும்மா இருக்கலன்னு தெரியுது."

"இத சொல்லத்தான் இவ்ளோ வருசம் படிச்சியா?"

ஆனால் அடுத்த வாரமே பெருக்குவது நின்றது. ஈரத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்கள். நான் போனபோது சுரண்டும் பெண்கள் எல்லாரும் நல்ல முகக்கவசம் போட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றதுதான் புரியவில்லை. பிறகு விசாரித்தேன். 'நம்ம தூசிய போட்டு ஒரு ஆளோட நுரையீரலையே கொன்னுட்டா என் தங்கச்சி' என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள்.

"அப்படி இல்லக்கா, அது செல்லுதான்."

"நீ சொல்ற மாதிரி சொன்னா எவ மாஸ்க்கு போடுவா?" என்றபடி அவள் எனக்கு டீ வாங்கிவர ஆள் அனுப்பினாள்.